முஸ்தபா ஆட ஒரு பெட்டி: எதை முதலில் முடிவு செய்வது?

கோபியில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிற அக்கா பையன் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தான். "ஏனுங் மாமா, மாடி ரூம்ல கேம் பெட்டி ஒண்ணு செஞ்சு வெக்கலாம்னு இருக்கறனுங். ராஸ்பெரி பை வாங்கறதுங்களா, இல்ல பழைய பிசியே போதுமுங்களா?"

ராஸ்பெரி பை என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் கடையில் காசு போட்டு ஆடின வீடியோ கேம் பெட்டி மாதிரி வீட்டில் ஒன்று செய்ய ஆசைப்படுகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. எட்டு வருசத்துக்கு முன்னால் நானும் கம்ப்யூட்டரைத்தான் முதலில் வாங்கினேன். அப்புறம் நெட்டில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து ஆறடி உயரத்தில் பெட்டி அடித்தேன். அகலம் 28 அங்குலம், ஆழம் 32. எங்கள் மாடி ரூம் கதவு இரண்டரை அடி. நிலைக்கால் போக 27 அங்குலம்கூட முழுசாக இல்லை. எப்படித் திருப்பினாலும் நுழையவில்லை. ஒரு ராத்திரி முழுக்க மாடிப்படித் திருப்பத்தில் நின்றது. வீட்டில் எல்லாரும் ஒருக்களித்துத்தான் ஏறி இறங்கினார்கள். இன்றுவரை கீழே ஆசாரத்தில் நிற்கிறது. ஒறம்பரை வந்தால் துண்டு காயப்போடத் தோதாக இருக்கிறது என்பாள் மனைவி.

அதனால் அவனைத் திருப்பிக் கேட்டேன். "மாப்ள, நீ என்ன கேம் ஆடப் போற?"

"எல்லாந்தானுங் மாமா."

பணம் வீணாகப் போவது இந்தப் பதிலில்தான்.

பழைய கடை கேம்களில் இரண்டு ரகம் உண்டு: படம் நிமிர்ந்தவை, படம் படுத்தவை. 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி விட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் வந்த பேக்மேன், 1981-ல் வந்த கேலகாவும் டாங்கி காங்கும், 1984-ல் வந்த 1942 என்ற விமானக் கேம் எல்லாம் நிமிர்ந்தவை. கடைப் பெட்டியில் பிக்சர் டியூபையே செங்குத்தாகத் திருப்பி மாட்டியிருப்பார்கள். பேக்மேன் படம் 224 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1993-ல் வந்த முஸ்தபா, 1996-ல் வந்த மெட்டல் ஸ்லக் எல்லாம் நம் பழைய டிவி மாதிரி படுத்தவை.

முஸ்தபா என்று ஒரு கேம் கிடையாது என்பதே எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். கேப்காம் கம்பெனி வைத்த பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் ஒரு ரூபாய்க் காசைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முறைக்காக நின்றவனுக்கு அந்தப் பெயரைப் படிக்கப் பொறுமை ஏது? நாலு ஆட்களில் ஒருத்தன் பெயர் முஸ்தபா. கேமுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நிஜமாக ஆடப்போகிற பத்து கேமை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தால் நம்ம ஊரில் 90-களில் வளர்ந்தவர்களுக்கு ஏழெட்டாவது படுத்தவையாகத்தான் இருக்கும். எனக்குப் பேக்மேன் மேல் இருந்த பிரியம், திருப்பூரில் பிரிண்ட் அடிக்கிற டி-ஷர்ட்டில் பார்த்துப் பார்த்து வந்தது. பெட்டி முடிந்த பிறகு அதை நாலு நாள்தான் ஆடினேன்.

நின்று ஆடுவதா, மேசை மேல் வைப்பதா

மூன்று வடிவம் உண்டு. கண்ணாடி போட்ட டீப்பாய் வடிவத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். அது ஒருத்தர் ஆடி முடித்து அடுத்தவர் ஆடுகிற கேம்களுக்காக வந்தது. முறை மாறும்போது படமே எதிர்ப்பக்கம் புரளும். முஸ்தபாவில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். எதிரில் உட்கார்ந்தவன் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு அடிக்க முடியாது. போதாக்குறைக்கு அதன் மேல் டீ டம்ளர் வைக்காத வீடு எது?

நின்று ஆடும் பெட்டிதான் எல்லார் கனவிலும் வருவது. பட்டன் பலகை தரையிலிருந்து 36 முதல் 40 அங்குலம் உயரத்தில் இருக்கும். தோளும் மணிக்கட்டும் கடையில் நின்ற அதே வாகில் நிற்கும். அந்தச் சுகத்தை மற்றது தராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு 18 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் என்றால் ஷீட் ஒன்றே 40 கிலோ வரும். எட்டு வயசுப் பிள்ளைக்குப் பலகை நெஞ்சு உயரத்தில் இருக்கும், முக்காலி போட வேண்டும். தோட்டத்து வீட்டில் பெரிய ஆசாரமோ, சும்மா கிடக்கிற ஒரு கொட்டகையோ இருக்கிறவர்கள் இதைச் செய்யலாம். செய்வதற்கு முன் பெட்டி போகிற வழியில் இருக்கிற எல்லாக் கதவையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். மாடிப்படித் திருப்பத்தையும் சேர்த்து.

மேசைப் பெட்டி என்பது அதே பெட்டியின் இடுப்புக்கு மேல் பாகம் மட்டும். 12 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட்டில் மிச்சம் விழும். திரையோடு சேர்ந்து 20 கிலோவுக்குள் அடங்கும், ஒரே ஆள் தூக்கி அட்டாலியில் வைத்துவிடலாம். ஒரே குறை, எதன் மேல் வைப்பது என்பது. டைனிங் டேபிள் மேல் வைத்தால் ஸ்டிக்கை இழுக்கும்போது மேசையே கூட வரும்.

அதற்கு நம் பக்கம் ஒரு வழி இருக்கிறது. பனியன் கம்பெனிகள் கழித்துப்போடுகிற பவர் தையல் மெஷின் ஸ்டாண்டு. திருப்பூரில் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். மெஷினை முழு வேகத்தில் ஓட்டினாலும் ஆடக்கூடாது என்று செய்த இரும்பு. முஸ்தபா என்ன, முஸ்தபாவோடு சேர்ந்து டைனோசாரே ஏறி மிதித்தாலும் அசையாது. கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரியும் உண்டு. சுமார் 30 அங்குல உயரம், அதன் மேல் பெட்டியின் பலகை ஐந்தாறு அங்குலம். 36-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. என் இரண்டாவது பெட்டி இப்படித்தான் நிற்கிறது. எனக்கு மறுபடி ஒன்று செய்யச் சொன்னாலும் இதையேதான் செய்வேன்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்டிஎஃப் வழவழவென்று வெட்டும், பெயின்ட் நன்றாக ஏறும். ஆனால் வீடு துடைக்கிற தண்ணீர் அடியில் ஏறினால் ரொட்டி மாதிரி ஊதும், ஸ்க்ரூவைப் பக்கவாட்டில் ஏற்றினால் பிளக்கும். தரையில் நிற்கிற பெட்டிக்கு பிளைவுட்தான். மேசைப் பெட்டிக்கு எது வேண்டுமானாலும் போடலாம்.

திரை: அட்டாலியில் இருக்கும் டிவி, ஆபீஸ் மானிட்டர், புது மானிட்டர்

இதில்தான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம்.

அவன் 24 அங்குல அகலத் திரை வாங்குவதாக இருந்தான். படுத்த கேமின் படம் நாலுக்கு மூன்று. அகலத் திரையில் அதைப் போட்டால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும். மிஞ்சுகிற படம் மூலைக்கு மூலை 19.6 அங்குலம்தான். ஆபீஸ்களில் கழித்துப்போடுகிற பழைய 19 அங்குலச் சதுர மானிட்டர் ஐந்துக்கு நாலு. அதில் அதே படம் 18.5 அங்குலம் வரும். ஒரே ஒரு அங்குல வித்தியாசத்துக்குப் பெட்டியின் அகலத்தைக் கூட்டி, விலையையும் கூட்டிக் கொடுக்க வேண்டுமா? நிமிர்ந்த கேம்களுக்கு இரண்டிலும் 15 அங்குலத்துக்குள்தான் படம். பத்தில் எட்டு நிமிர்ந்த கேம் என்று எழுதியவர்கள், சதுர மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் அதே 18.5 அங்குலம் கிடைக்கும். பாதிக்குப் பாதி வேண்டும் என்கிறவர்கள் பின்னால் ஒரு சுழலும் தாங்கி வைப்பதாகத் திட்டம் போடுவார்கள். நானும் போட்டேன். முதல் பெட்டியில் அது இன்னும் இருக்கிறது. கடைசியாக அதை எப்போது சுழற்றினேன் என்று ஞாபகமில்லை.

மூன்றாவது, பலர் யோசிக்காதது. 2006-க்கு அப்புறம் தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி. ஓடுகிற நிலையில் இன்னும் எத்தனையோ வீட்டு அட்டாலியில் கிடக்கிறது. கடைப் பெட்டிக்குள் இருந்ததும் இதே போன்ற பிக்சர் டியூப்தான். எல்சிடியில் முஸ்தபா கட்டங்கட்டமாக, சலவைக்கல் ஒட்டின மாதிரி தெரியும். டியூபில் கோடும் நிறமும் ஒன்றில் ஒன்று கரைந்து, வரைந்தவர் மனசில் என்ன இருந்ததோ அது தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் சின்ன டிவிப் பக்கம்தான் போய் நின்றார்கள்.

ஆனால் இரண்டு விஷயம். சில டிவிகள் அமெரிக்க முறை 60 ஹெர்ட்ஸ் படத்தை வாங்கும்போது நிறத்தைத் தொலைத்துவிட்டுக் கருப்பு வெள்ளையாகக் காட்டும். அதனால் பெட்டி வெட்டும் முன்பே கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட வேண்டும். அடுத்தது உயிர் விஷயம். நான் கோவை கணபதியில் மோட்டார் பேனல் போர்டு செய்கிற பட்டறையில் வேலை செய்கிறேன், மின்சாரத்துக்குப் பயந்தவன் இல்லை. அப்படியும் கலர் டிவியின் பின்மூடியை நான் கழற்ற மாட்டேன். டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டைத் தொடுகிற மின்சாரம் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் மாதிரி அதைப் பிடித்து வைத்திருக்கும். டிவியை அதன் பிளாஸ்டிக் கூட்டோடு அப்படியே பெட்டிக்குள் உட்கார வையுங்கள். முகப்பு மட்டும் தெரிந்தால் போதும். பின்பக்கம் காற்றுப் போக வழி விடுங்கள். பெட்டி ஆழம் கூடும், கூடட்டும்.

கை படுகிற இடம்

பெட்டிக்குப் போடுகிற பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி. கம்ப்யூட்டரை யாரும் தொடுவதில்லை. ஸ்டிக்கைத்தான் தொடுகிறார்கள், அதுவும் ஆத்திரத்தோடு.

ஆன்லைனில் இரண்டு ஸ்டிக், இருபது பட்டன், இரண்டு யூஎஸ்பி போர்டு, வயர் எல்லாம் சேர்ந்த கிட் வரும். போர்டின் பெயரே 'ஜீரோ டிலே'. பெயரில் இருக்கிற அளவு வேகம் அதில் இல்லை என்றாலும் வீட்டு ஆட்டத்துக்குப் போதும். இரண்டு போர்டும் ஒரே அச்சு என்பதால் சில சமயம் கம்ப்யூட்டர் முதல் ஆளையும் இரண்டாம் ஆளையும் மாற்றிப் புரிந்துகொள்ளும். அண்ணன் தம்பி சண்டைக்கு அது ஒன்று போதும். கிட்டில் வருகிற பட்டன்கள் பரவாயில்லை. ஸ்டிக்தான் தொளதொளவென்று இருக்கும். ஜப்பானின் சன்வா கம்பெனி ஸ்டிக் ஒன்றின் விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆளுக்கான சாதா கிட் முழுசாக வந்துவிடும். இருந்தாலும் கிட்டில் வந்த பட்டனையே வைத்துக்கொண்டு ஸ்டிக்கை மட்டும் நல்லதாக மாற்றுங்கள் என்பேன். அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை 45 டிகிரி திருப்பிப் போட்டால் எட்டுத் திசை ஸ்டிக் நாலு திசையாகிவிடும். பேக்மேனுக்கு நாலு திசை வேண்டும். எட்டுத் திசையில் ஆடினால் மூலை திரும்பும்போது குறுக்கே மாட்டிக்கொண்டு பூதத்தின் வாயில் போய் நிற்பான்.

பட்டன் எத்தனை என்பதையும் அந்தத் தாள்தான் சொல்லும். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு, மெட்டல் ஸ்லக்குக்கு மூன்று, முஸ்தபாவுக்கு அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று. ஆளுக்கு ஆறு பட்டன் என்றால் பலகை 28 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, தோள் இடிக்கும். மூன்று போதும் என்றால் 24 போதும். கம்பெனி கார்ட்டன் அட்டையில் வட்டம் வரைந்து, கையை வைத்து, பத்து நிமிசம் ஆடுகிற மாதிரி ஆடிப் பாருங்கள். பைத்தியம் என்பார்கள். பரவாயில்லை.

சரி, பலகை எதில்? என் முதல் பெட்டியில் 18 மி.மீ. பிளைவுட். ஓட்டை போட்டு ஸ்டிக்கை அடியிலிருந்து மாட்டினேன். மேலே எட்டிப் பார்த்தது உருண்டையும் அதற்குக் கீழே ஒரு விரல்கூடப் பிடிக்க முடியாத கம்பியும். மரத்தின் கனம் கம்பியைத் தின்றுவிட்டது. அப்புறம் அடியில் ரௌட்டர் போட்டுக் குடைந்து, குடைந்த இடம் மெலிந்து, ஒரு நாள் என் தம்பி ஆடின வேகத்தில் ஸ்க்ரூவோடு பிய்ந்து வந்தது.

இரண்டாவது பெட்டியில் பலகையை மட்டும் 2 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தேன். கோயமுத்தூரில் லேசர் கட்டிங் பட்டறைக்கா பஞ்சம்? ஒரே ஒரு தகடு என்றால் பெரிய இடங்களில் எடுக்கமாட்டார்கள்; ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறையில், மிச்சத் தகட்டில் வெட்டிக் கொடுங்கண்ணா என்று கேட்டால் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். விளிம்பை மடக்கி, பவுடர் கோட்டிங் அடித்துவிடலாம். பட்டனுக்கு ஓட்டை 30 மி.மீ. என்றுதான் எல்லாப் படத்திலும் இருக்கும். அப்படியே கொடுத்தால் கோட்டிங் ஏறின பிறகு பட்டன் இறங்காது, அரம் வைத்துத் தேய்க்க வேண்டி வரும்; நான் தேய்த்தேன். ஒரு துளி கூட்டி 30.3 கொடுங்கள். அழுத்திச் சொருகுகிற பட்டன்கள் மெல்லிய தகட்டில்தான் சரியாகக் கவ்வும். தடித்த மரம் என்றால் மரை போட்ட பட்டன் வாங்க வேண்டும். இரும்பு என்பதால் எர்த் வயர் மறக்காதீர்கள். மோட்டார் பெட்டிக்குக் கொடுக்காமல் விடுவோமா?

கடைசியில் கம்ப்யூட்டர்

இவ்வளவு தூரம் வந்துவிட்டால் மாப்பிள்ளையின் கேள்விக்குப் பதில் தானாகவே பாதி வந்துவிடும். இலவச டிவிதான் திரை என்றால் ராஸ்பெரி பை 3 அல்லது 4. அவற்றின் ஹெட்போன் துளையிலேயே ஏவி சிக்னலும் வரும், மூன்று கலர் பின் வயர் ஒன்று போதும். பை 5-ல் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். புதுசு என்பதற்காக அதை வாங்கினால் டிவிக்கு சிக்னலை மாற்றித் தர ஒரு டப்பா தேட வேண்டும். மானிட்டர் என்றால் நான் பழைய ஆபீஸ் பிசிப் பக்கம்தான். மேசைப் பெட்டிக்குள் சின்ன உருவ பிசி ஒன்று தாராளமாக உட்காரும். பழைய கேம்களை ஓட்டுவதற்கென்றே செய்த பட்டோசெரா என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டுச் சொருகினால் நேராகக் கேம் பட்டியலில் வந்து நிற்கும்.

ராஸ்பெரி பைக்கு இருக்கிற பெரிய வியாதி மெமரி கார்டு. ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அதுவும் நம் தோட்டத்து லைனில் போய்ப் போய் வந்தால், கார்டில் எழுதியது கெட்டுப்போகும். எனக்கு இரண்டு முறை ஆயிற்று. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கொடுத்த பிறகு ஆகவில்லை. கார்டின் நகல் ஒன்று எப்போதும் மேசை டிராயரில் இருக்கிறது.

பிசிக்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய கேம்களுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கடை கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிற, 1997-ல் இத்தாலிக்காரர் நிகோலா சல்மோரியா ஆரம்பித்த மேம் மென்பொருள் இலவசம். கேம் இலவசம் இல்லை. ராபி ரோட்டோ மாதிரி சிலவற்றை மட்டும் உரிமையாளர்களே அனுமதித்து மேம் தளத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1942 போன்றவற்றைக் கேப்காமே தொகுப்பாக பிசிக்கு விற்கிறது. விண்டோஸ் பிசி என்றால் காசு கொடுத்து வாங்கி நிம்மதியாக ஆடலாம், ராஸ்பெரி பையில் அது ஓடாது. 2018-ல் அடிதடிக் கேம்கள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு விட்டார்கள். ஆசையாகப் பட்டியலைப் பார்த்தேன், முஸ்தபா இல்லை. அது மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த காமிக்ஸிலிருந்து வந்தது, உரிமை கேப்காம் கையில் மட்டும் இல்லை. நேர்வழி என்றால் கேம் அடங்கிய பழைய ஒரிஜினல் சர்க்யூட் போர்டு வாங்கி, கடைப் பெட்டிகளுக்குப் பொதுவான 56 முனை ஜம்மா கனெக்டரில் சொருக வேண்டும். அந்த போர்டிலும் ஒரு பாட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் போர்டும் நின்றுவிடும். பை, பிசி என்ற சண்டையே தேவைப்படாத வழி அது, ஆனால் பொறுமையும் பணமும் உள்ளவர்களுக்கு.

அலங்காரத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லை, ஆசைதான். மேலே எரிகிற பெயர்ப் பலகைக்கு எந்த ஃப்ளெக்ஸ் கடையிலும் பின்னால் லைட் போடுகிற ஷீட் அடித்துத் தருவார்கள். ஓரத்துக்கு கரூர் பஸ் பாடி பட்டறைகளில் ஒட்டுகிற ரப்பர் பீடிங் நன்றாகப் பொருந்துகிறது. பக்கப் பலகையை நாமக்கல் பக்கம் லாரி பாடிக்கு எழுதுகிற ஒருத்தரிடம் கொடுத்தேன். டைனோசார் கேட்டேன், டைனோசாரும் வரைந்து, நான் கேட்காமலேயே அதற்கு மேல் ஒரு திருஷ்டி பூதமும் வரைந்து கொடுத்தார். காசு போடுகிற மெஷின் வேண்டாம். பழைய ஒரு ரூபாய் 25 மி.மீ., 2011-க்கு அப்புறம் வந்தது 22. ஒன்றுக்கு அமைத்தால் மற்றதைத் துப்பும்.

மாப்பிள்ளை கடைசியில் மேசைப் பெட்டி, 19 அங்குல மானிட்டர், பழைய பிசி, இரும்புப் பலகை என்று முடித்தான். தாளில் ஒன்பது படுத்த கேம், ஒரு கேலகா. அக்கா வீட்டு அட்டாலியில் இருந்த இலவச டிவியை இறக்கிப் பார்த்தானாம், படம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அட்டையில் வட்டம் வரைந்து போட்டோ அனுப்பியிருந்தான், 24 அங்குலம், இரண்டு பேருக்கு. கீழே ஒரு வரி: "முஸ்தபா மூணு பேர் ஆடற கேமுங்களாமா மாமா. மூணாவது ஸ்டிக் எங்கீங் வெக்கறது?"

பலகைக்குக் கீழே ஒரு யூஎஸ்பி துளை விட்டு வைக்கச் சொன்னேன். மூணாவது ஆள் கேம்பேடைச் சொருகிக்கொண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரட்டும். அது அனேகமாக நான்தான்.